படத்துல பூ, பிரிச்சா சவம்

மணிமொழி புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ‘ஏலக்கூடை’ செயலியிலிருந்து செய்தி. நீங்கள் விற்ற செடிக்கு, வாங்கியவர் கருத்து எழுதியிருக்கிறார். எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான். அவள் அனுப்பிய அடீனியம் தி.நகருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ‘சூப்பர் செடிக்கா’ என்றோ, ‘பேக்கிங் அருமை’ என்றோ ஏதாவது இருக்கும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று வைக்கப் போனவள், என்ன தோன்றியதோ, திறந்துவிட்டாள்.

ஒரே ஒரு நட்சத்திரம்.

கீழே ஒரு வரி. “படத்துல பூ. பார்சலப் பிரிச்சா சவம்.”

அடுப்பை அணைத்தாள். மறுபடி படித்தாள். சவம் என்ற சொல் அங்கேயேதான் இருந்தது.

மந்தைவெளியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் அவளும் கணவன் டில்லிபாபுவும் குடியிருந்தார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான். மொட்டைமாடியை வீட்டுக்காரர் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அங்கேதான் தொட்டி தொட்டியாக அடீனியம். நர்சரிக்காரர்கள் பாலைவன ரோஜா என்பார்கள். அடித்தண்டு கிழங்கு மாதிரிப் பருத்து, மேலே குட்டைக் கிளைகளும் கொத்துக் கொத்தாகப் பூவும். நல்ல ரகத்தின் கிளையைச் சாதாரணச் செடியின் தண்டில் அவளே ஒட்டுக் கட்டுவாள். ஒட்டுப் பிடித்த செடிகளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செயலியில் ஏலம் விடுவாள்.

அதற்கு முன்னால் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்த பிறகு விட்டுவிட்டாள். அத்தனை வருடம் நின்றும் அவளுடைய பெயர் அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. இந்தச் செயலியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பிக்கையான விற்பனையாளர்’ என்று ஒரு பச்சைப் பட்டை இருந்தது. காலையில் எழுந்ததும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அதை டில்லிபாபுவிடம்கூடச் சொன்னதில்லை.

அடீனியத்தை மண்ணோடு கூரியரில் அனுப்ப முடியாது. தொட்டி உடையும், கிளை முறியும். அதனால் இலையை எல்லாம் கிள்ளி, கிளைகளைக் குட்டையாக வெட்டி, வேரில் ஒட்டிய மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றித்தான் அனுப்புவார்கள். பிரித்துப் பார்த்தால் கட்டை மாதிரிதான் இருக்கும். நட்டால் ஒரு மாதத்தில் துளிர்த்துவிடும். தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே இதைச் செயலியிலேயே விவரமாக எழுதி அனுப்புவாள். இந்த பொன்ராஜ் என்கிற ஆளுக்கும் அனுப்பியிருந்தாள். அவர் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு. அதற்கும் கீழே அவருடைய பதில்: ‘ok’.

“ஓகேன்னு போட்டுட்டு இப்ப சவமா?” என்று வாய்விட்டே கேட்டாள். சமையலறையில் கேட்க யாருமில்லை.

நின்ற இடத்திலேயே பதில் எழுதினாள். ‘செடி வளர்க்கத் தெரியாதவங்க ஏலத்துக்கு வரக் கூடாது. தண்ணிய ஊத்தி ஊத்தி அழுக வச்சுட்டு என் மேல பழி போடுறீங்க. பொய்.’ வாங்கியவருக்கு மதிப்பெண் தரும் இடத்தில் அவளும் ஒரு நட்சத்திரத்தை அழுத்தினாள். ‘உறுதியா?’ என்று செயலி கேட்டது. உறுதி.

நெஞ்சு கொஞ்ச நேரம் குளிர்ந்தது. பிறகு அந்தப் பச்சைப் பட்டையைப் பார்க்கப் போனாள். பட்டை இல்லை.

டில்லிபாபு சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெயிலில் இருந்த தொட்டியை நிழலுக்கு இழுத்தாள், நிழலில் இருந்ததை வெயிலுக்குத் தள்ளினாள்.

“இன்னாம்மே, ரசத்தக் காணோம்?”

“சவம்னு எழுதிக்கிறான்யா. என் செடிய.”

“யாரு?”

“பொன்ராஜாம். தி.நகர்ல பாத்திரக் கட வச்சுக்கினு கீறான்.”

“வுடு. அவன் சொன்னா செத்துருமா இன்னா?”

“பட்டைய எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கெழம என் செடி ஏலத்துல கடைசியில போய்க் குந்திக்கும். யாரு கண்ணுலயும் படாது. அந்தக் கருஞ்சிவப்ப இந்த வாரந்தான் வுடலாம்னு இருந்தேன்.”

“அதான் நீயும் நல்லா குடுத்துட்டியே. அப்புறம் இன்னா? கம்முனு குந்து.”

“உனுக்கு ஒரு ஸ்டார் போட்டான் பாரு சவாரி வந்த ஒருத்தன், அன்னிக்கு நீ கம்முனு குந்துனியா?”

டில்லிபாபு வெறும் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மணிமொழிங்கிறது நீங்கதானம்மா?” தெற்கத்திப் பேச்சு. வயதான குரல்.

“ஆமா.”

“நான் பொன்ராஜ். அழுக வச்சேன்னு எழுதியிருக்கீங்களே, எப்படிம்மா? அதுக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. மண்ணுலயே வைக்கல.”

“மண்ணுல வைக்கலியா? பின்ன எங்க கீது?”

“வீட்டுல பால்கனில போட்டேன். கெடக்கும். சவத்த நட்டு என்ன செய்ய?”

“பாத்தீங்களா, மறுபடியும் சவம்ன்றீங்க! படிச்சுட்டு ஓகே போட்டது யாரு சார்?”

“நான் எதையும் படிக்கலம்மா, எதுவும் போடல. நீங்க என்னயப் பொய்யன்னு எழுதிட்டீய. முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். ஒருத்தன் அந்த வார்த்தைய எங்கிட்டச் சொன்னது கெடையாது.” அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வைத்துவிட்டார்.

கோபம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அவளுக்கு வேறொன்று குடைய ஆரம்பித்தது. கிளை வெட்டிய செடி ஒரு வாரமாக பால்கனியில் கிடக்கிறது. காய்ந்து கிடந்தால் ஒன்றும் ஆகாது. நனைந்தால் அழுகிவிடும். ஐப்பசி மாதம். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியின் தகரக் கூரையில் சடசடவென்று விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் புரண்டு படுத்தாள்.

காலையில் டில்லிபாபு வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க?”

“தி.நகர். அந்தப் பாத்திரக் கட.”

“சண்ட போடப் போறியா, செடியப் பாக்கப் போறியா?”

“தெரில. போ.”

கடை உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வேலையை விட்ட பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. டில்லிபாபு வண்டியை ஓரங்கட்ட இடம் தேடிப் போக, அவள் மட்டும் நடந்தாள். வாசல் முழுக்க எவர்சில்வர் குடங்கள் கயிற்றில் தொங்கின. உள்ளே கல்லாவில் சந்தனப் பொட்டு வைத்த ஒல்லியான ஒரு மனிதர், ஒட்டும் டேப்பின் முனையை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சவத்துல முனை எங்க இருக்குன்னே தெரியல. ஏல முருகா, நீ பாரு. அந்த அண்டாவ ஏன் வழியில வச்சிருக்க? சவத்தத் தூக்கி அங்கிட்டு வை.”

முருகன் என்ற அந்த ஊழியர் புத்தம்புதுப் பித்தளை அண்டாவைத் தூக்கி நகர்த்தினார். கல்லாவில் போன் அடித்தது. “காலங்காத்தால இந்தச் சவம் வேற” என்றபடி அதை எடுத்து, “வணக்கம் அண்ணாச்சி, சொல்லுங்க” என்று இனிக்க இனிக்கப் பேசினார்.

மணிமொழி குடங்களுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டேப்பு சவம். அண்டா சவம். போனும் சவம். நேற்றிலிருந்து அடிவயிற்றில் எரிந்துகொண்டிருந்ததில் திடீரென்று ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது.

“என்னம்மா வேணும்?”

“நான் மணிமொழி.”

“எந்த மணிமொழி?”

“சவம் வித்தவ.”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். முருகனும், இட்லிப் பானை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியும் திரும்பினார்கள். பொன்ராஜ் எழுந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா.”

“வேணாம் சார். இந்தத் தெருவுல நின்னே பழக்கம்.” சொன்ன பிறகு, அது அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அல்ல என்று தோன்றியது. போனைத் திறந்து நீட்டினாள். “நான் அனுப்புனது. கீழ உங்க பதிலு. பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். இலையை எடுத்துவிட்டு அனுப்புவேன், கிளையை வெட்டியிருப்பேன், கட்டை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

“இது எனக்கு வரவே இல்லயேம்மா.”

“வந்துக்கீது, நீங்க ஓகேன்னும் போட்டுக்கீறீங்க.”

“இங்கிலீசுல ஓகே போடுத ஆளா நான்?” கொஞ்சம் யோசித்தார். “இரும்மா. இந்தக் கணக்க ஆரம்பிச்சுக் குடுத்தது எங்க மக. அவ போன்லயும் இது இருக்கு.”

பெங்களூரில் இருக்கும் மகள் கீர்த்தியை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

“அப்பா, மீட்டிங்ல இருக்கேன். என்னப்பா?”

“செடிக்காரம்மா எதும் எழுதி அனுப்புனாகளா?”

“ஆமா, என்னமோ நீளமா வந்துச்சு. ஓகே போட்டுட்டேன். ஏன், செடி இன்னும் வரலயா?”

“வந்துட்டு. வச்சிரு.”

பொன்ராஜ் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். இட்லிப் பானைப் பெண்மணிகூட விலை கேட்காமல் நின்றாள்.

“இது நாலாவது செடிம்மா” என்றார் பொன்ராஜ், மேசையைப் பார்த்துக்கொண்டு. “கொட்டிவாக்கத்துல ப்ளாட்டு வாங்கிப் போனோம். கடக்காத்துல பால்கனில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. மல்லி வச்சேன், கருகிட்டு. செம்பருத்தி வச்சேன், அதுவும் போச்சு. எங்க வீட்டம்மாவுக்கு என்னயக் கேலி பண்ணுததே வேல. இந்தச் செடி எந்தக் காத்துக்கும் நிக்கும்னாக. கடைசி நிமிசம் வரைக்கும் எவன்கூடயோ மல்லுக்கட்டி எடுத்தேன். ஆசையாக் கொண்டுபோயி பிரிச்சா, அவ சொல்லுதா, ‘பரவால்ல, இந்தவாட்டி செத்ததயே வாங்கியாந்துட்டீய, நமக்கு வேல மிச்சம்’னு.”

மணிமொழிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். செடி வளர்க்கத் தெரியாதவங்க என்று தான் எழுதியது அதே நொடியில் நினைவுக்கு வந்தது. தேடிப் பார்த்து எழுதியிருந்தால்கூட இந்த மனிதருக்கு வலிக்கும் இடம் இவ்வளவு சரியாகக் கிடைத்திருக்காது.

“நானும் அவசரப்பட்டுட்டேன் சார்.”

“இருங்க, இப்பவே மாத்திருதேன்.” அவர் போனை எடுத்துத் தட்டினார். தட்டினார். நெற்றி சுருங்கியது. முருகனிடம் கொடுத்தார். முருகன் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பக்கமும் ஸ்டார் போட்டாச்சுன்னா மாத்த முடியாதாம் அண்ணாச்சி. கீழ ஒரே ஒரு வரி சேக்கலாமாம். அவ்வளவுதான்.”

அதாவது அவள் பதிலுக்கு அழுத்தாமல் இருந்திருந்தால் மாற்றியிருக்கலாம். மணிமொழி முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்த ஒரு வரிய எழுதிருதேன்” என்றார் அவர். “ஆனா செடி எப்படி இருக்குன்னு தெரியாம எழுத மாட்டேன். தெரியாம எழுதித்தான் இம்புட்டும் வந்தது. எனக்குக் கடைய விட முடியாது, நீங்க வீட்டுக்குப் போயிப் பாத்துச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி எழுதுதேன்.”

கொட்டிவாக்கம் போகிற வழியெல்லாம் தூறல். அடையாறு பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. டில்லிபாபு நடுவில் ஒருமுறை திரும்பி, “மன்னிப்பு கேட்டுக்கினா போச்சு, இன்னாத்துக்கும்மே இவ்ளோ அலச்சலு?” என்றான். அவள் வெளியே கையை நீட்டி மழை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்த பொன்ராஜின் மனைவி பேச்சியம்மாள் நல்ல உயரம். தலையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தாள்.

“வாங்க. அவுக போன் பண்ணுனாக. காப்பி குடிக்கீயளா?”

“செடியப் பாத்துட்டு குடிக்கிறேம்மா.”

“குடிச்சிட்டுப் பாக்கலாம்லா.”

மணிமொழி நேராக பால்கனிக்குப் போனாள். துணிக்கொடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலித் தொட்டிகள். செடி இல்லை.

“குப்பையில போட்டுட்டீங்களா?”

பேச்சியம்மாள் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். சமையலறைக்குப் பின்னால் துவைக்கிற இடத்துக்கு அழைத்துப் போனாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், புதுத் தொட்டி ஒன்று.

“அவுகளுக்குத் தெரியாது. வாய் சும்மா இருக்காம கேலி பண்ணிட்டேன். அவுக முகத்தப் பாக்க முடியல. மறுநாளே எடுத்து நட்டுட்டேன். தெனமும் ரெண்டு வேள தண்ணி ஊத்துதேன். ஒண்ணு துளிர்த்தாலும் கொண்டுபோயிக் காட்டலாம்னு பாக்கேன். ஒண்ணையும் காணல.”

மணிமொழி குனிந்து பார்த்தாள். முதலில் அவளுக்கே புரியவில்லை. பருத்த தண்டு இருந்தது. அதன் உச்சியிலிருந்து விரல் விரலாக என்னவோ வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. வேர்.

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஏன் சிரிக்கீய?”

“தலகீழா நட்டுக்கீறீங்கம்மா.”

“வேரா அது? நான் கெளைன்னுல்லா நெனச்சேன்!”

செடியை மெல்லப் பிடுங்கினாள். சிரிப்பு நின்றது. சேற்றுக்குள் இருந்த கிளைகள் கொழகொழத்துப் பழுப்பாகியிருந்தன. நாற்றம் அடித்தது. தண்டை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. கத்தி கேட்டாள். பேச்சியம்மாள் காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்தாள். மணிமொழி அதைக் கழுவித் துடைத்து, அழுகலை வெட்டினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டியபோது ஒரு கிளைகூட மிச்சமில்லை.

“பொழச்சிருமா?”

“தண்டு பொழச்சிரும். ஆனா ஒண்ணு சொல்லணும்மா. அந்தப் படத்துல இருந்த அடுக்குப் பூ, அது ஒட்டுக் கட்டுன கெளையில வர்றது. அந்தக் கெளையே போயிடுச்சு. இனிமே துளிர்த்தா சாதா ரோஸு கலருதான் பூக்கும்.”

பேச்சியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கலரு கெடக்கட்டும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் நட்டத மட்டும் அவுககிட்டச் சொல்லிராதீய. மூணு செடியக் கொன்னீயன்னு நாளும் பொழுதும் பேசின வாயி இது. இத நான் கொன்னேன்னு தெரிஞ்சா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாக.”

மணிமொழி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. பொன்ராஜ்.

“பாத்தீயளாம்மா? உசுரு இருக்கா?”

“கீது சார். தண்டு நல்லா கீது. மேல கெளைங்கதான் அழுகிடுச்சு. வெட்டி எடுத்துட்டேன்.”

“நான்தான் தண்ணியே காட்டலயே. மழச்சாரல் அந்தப் பால்கனிக்குள்ள வராது. அப்ப, வரும்போதே அழுகல் இருந்திருக்குன்னுதான அர்த்தம்? நான் தப்பா எழுதலயேம்மா.”

அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. பொய்யன் என்ற பட்டம் இறங்கிய நிம்மதி மட்டும் இருந்தது. எதிரே பேச்சியம்மாள் கத்தியும் கையுமாக நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஆமா என்றால், அழுகிய செடியை விற்றவள் என்று இவர் உள்ளதை உள்ளபடி எழுதுவார். எல்லாரும் பார்க்கும்படி அது கிடக்கும். இல்லை என்றால், நம்பி மறைவிடத்தைக் காட்டிய இந்தம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். “ஹலோ? இருக்கீங்களாம்மா?” என்றது போன்.

“அம்மா பக்கத்துலதான் கீறாங்க சார். அவங்களயே கேட்டுக்குங்க.” ஒலிபெருக்கியில் போட்டுப் போனை நீட்டினாள்.

கிணற்றில் தள்ளிவிட்டவளைப் பார்ப்பது போலப் பேச்சியம்மாள் அவளைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வாங்கினாள்.

“என்னங்க... அது வந்து... நான் நட்டேன்.”

“நட்டியா? எப்ப?”

“மறுநாளே.”

“நட்டா அழுகுமா?”

“தலகீழா நட்டுட்டேன்.”

போனிலிருந்து ஒரு மாதிரி விக்கல் போல எழுந்தது. அது சிரிப்பு என்று புரிய மணிமொழிக்குச் சற்று நேரம் பிடித்தது. “ஏல முருகா, இங்க வா” என்று அவர் கூப்பிடுவதும் கேட்டது.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. கடைக்கு வாரவன் போறவன் எல்லார்ட்டயும் சொல்லுங்க.” பேச்சியம்மாள் போனை அணைத்துத் திருப்பித் தந்தாள். முகம் சிவந்திருந்தது. “சொல்லாதீயன்னுதான சொன்னேன்.”

“நான் சொல்லலியேம்மா.”

“ஆமா. நீங்க சொல்லல.”

காப்பி வரவில்லை. மணிமொழி தண்டை நிழலில் ஒரு தினத்தாளின் மேல் நிமிர்த்தி வைத்தாள். வெட்டிய இடம் காயட்டும், தண்ணீர் காட்ட வேண்டாம், எப்போது நடுவது என்று போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவைச் சாத்தும்போது பேச்சியம்மாள் கேட்டாள்: “அப்ப எது மேல, எது கீழன்னு ஒரு அடையாளம் வச்சிட்டுப் போங்களேன்.”

மணிமொழி திரும்பி வந்து, கண் மையால் தண்டின் மேல்பக்கம் ஒரு பொட்டு வைத்தாள்.

சாயங்காலம் பொன்ராஜின் வரி வந்தது. ‘செடியில் குறை இல்லை. எங்கள் வீட்டில் வேரை மேலே வைத்து நட்டுவிட்டோம். விற்றவர் நேரில் வந்து பார்த்தார்.’ எங்கள் வீட்டில் என்று எழுதியிருந்தார். அவளும் தன் வரியைச் சேர்த்தாள். ‘வாங்கியவர் சொன்னது பொய் இல்லை. நான் அனுப்பிய விவரம் அவர் கைக்குப் போகவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன்.’

நட்சத்திரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றொன்றாகவே நின்றன. சேர்த்த வரிகளைப் பார்க்க ‘மேலும்’ என்பதை அழுத்த வேண்டும். அதை யார் அழுத்துகிறார்கள்? பச்சைப் பட்டை திரும்பவில்லை. செயலிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருஞ்சிவப்பு அடீனியத்தை ஏலத்தில் விட்டாள். நிறுத்திவைக்கலாம் என்று டில்லிபாபு சொன்னான். பூ காத்திருக்காது என்றாள். பட்டியலில் செடி எங்கோ அடியில் கிடந்தது. சாயங்காலம் முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்தபடி மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். யாரோ ஷகீலா என்பவர் முதல் விலை வைத்தார். பிறகு அசைவில்லை. முடிய இருந்த நேரத்தில் மேலே ஒரு பெயர் ஏறியது. பொன்ராஜ்.

“பாத்தியா, மனுசன்!” என்றான் டில்லிபாபு. “உனுக்காக வந்துக்கிறாரு.”

மணிமொழிக்கு நன்றியோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. கடற்காற்று. அந்த பால்கனி. வாஷிங் மெஷின். ஐந்து வருடம் வளர்த்த செடி. ஷகீலா ஏற்றினார். பொன்ராஜ் ஏற்றினார். அவள் பொறுக்க முடியாமல் அவர் எண்ணை அழைத்தாள்.

எடுத்தது பேச்சியம்மாள். “இப்பப் பேச நேரமில்ல. நாந்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். எந்தப் பொத்தான அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“அம்மா, அந்தத் தண்டு மொதல்ல துளிர்க்கட்டும். அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்.”

“எங்கிட்ட விக்க இஷ்டம் இல்லன்னு சொல்லுங்க.”

“அப்டி இல்லம்மா...”

“அவுகளோ சிரிச்சுக்கிட்டே திரியுதாக. ஒண்ணாவது நான் பூக்க வச்சுக் காட்ட வேண்டாமா?”

எவ்வளவு வெயில் வேண்டும், எவ்வளவு தண்ணீர் என்று மணிமொழி சொல்ல ஆரம்பித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏலம் முடிந்தது. ஷகீலாவுக்குப் போயிருந்தது. பேச்சியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, “பேச்சுக் குடுத்தே விட வச்சுட்டீய” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உண்மையில் மணிமொழிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை. அன்று சாப்பிடும்போது டில்லிபாபு எது கேட்டாலும் தப்புத் தப்பாகப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலை கருஞ்சிவப்புச் செடியின் முன் குந்தி உட்கார்ந்தாள். இலைகளைக் கிள்ள வேண்டும். விரல் போகவில்லை. எழுதி அனுப்ப வேண்டிய செய்தியைத் திறந்தாள், மூடினாள். ஷகீலாவின் எண்ணை எடுத்து அழைத்தாள். லைன் பிஸி. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூரியர்காரர் மத்தியானம் வந்துவிடுவார். மூன்றாவது முறை மணி வெகுநேரம் அடித்து, ஓயப்போகும்போது எடுத்தார்கள்.

“யாருங்க?”

“செடி வித்தவங்க பேசுறேங்க்கா” என்றாள் மணிமொழி. “ஷகீலான்றது நீங்கதானா? இந்தப் போனு உங்க கையிலதான் இருக்குமா? ஒரு ரெண்டு நிமிசம் பேசணும்.”